போட் மெயிலில் வந்த மாணவர்கள்

*கடல் தாண்டிச் சிதம்பரத்துக்குப் படிக்க வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டைக் காட்டியது மெயின் லைன் ரயில். பாதை அப்படியே இருக்கிறது. கூட்டமாக ஏறிப்போகும் மாணவர்களைத்தான் காணோம்.*

1945-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படிக்கச் சேர்ந்தவர்களில் ஒருவர் கத்தோலிக்கப் பாதிரியார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் கரம்பொன் என்ற ஊர்க்காரர். 1934 முதல் 1939 வரை ரோமாபுரியில் உர்பானியப் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவர். லத்தீனும் இத்தாலியமும் கைவந்த பிறகுதான் அவருக்குச் சங்க இலக்கியம் வாய்த்தது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஒரு பண்டிதரிடம் முறையாகப் பாடம் கேட்டார். அது போதவில்லை என்று சிதம்பரத்துக்கு வந்தார். 1949 வரை தங்கி எம்.ஏ., எம்.லிட். இரண்டையும் முடித்துக்கொண்டு போனார்.

தனிநாயகம் அடிகள் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1964-ல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமானவர். 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர். ரோமிலும் சரி, சிதம்பரத்திலும் சரி, அவர் கடல் தாண்டி வந்த அயல்நாட்டு மாணவர் என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

இங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள் பழந்தமிழ்க் கவிதையில் நிலமும் இயற்கையும். கிரேக்க, லத்தீன் கவிதைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கப் பாட்டைப் படித்தவர் அவர். மேய்ச்சல் நிலத்தையும் ஆயர்களையும் பாடிய தியாக்ரிட்டஸ், சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்துக்காரர். வர்ஜிலின் கல்லறை என்று காட்டப்படும் இடம் நேப்பிள்ஸில் மெர்ஜெல்லினா ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருக்கிறது. இத்தாலியின் தெற்கே ரயிலேறுகிற மாணவன் வகுப்பில் படித்த கவிஞர்களின் ஊர்களை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு போகலாம். நம் பக்கத்துக்கு வாருங்கள். சிதம்பரம் ஸ்டேஷனிலிருந்து கிழக்கே சில மைல் போனால் நெய்தல். தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் மருதம். திணைக்கோட்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட ஒரு பாசஞ்சர் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது நல்லது என்பது என் கட்சி.

அந்த டிக்கெட்டைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. வெளிநாட்டில் படிக்கப் போகிற மாணவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ரயிலேறி அந்த நாட்டைப் பார்த்துவிட்டு வருவது ஐரோப்பாவில் படிப்பின் ஒரு பகுதி. சிதம்பரமும் ஒருகாலத்தில் அப்படி வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிற ஊராக இருந்தது. இன்றும் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்து ஸ்டேஷன் பெயர் தெரியும்?

தலைமன்னாரிலிருந்து

அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியை மையமாக வைத்து 1929-ல் பல்கலைக்கழகம் எழுந்தது. மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கிற ஏற்பாடு. தண்டவாளத்துக்கு மேற்கே கோயிலும் ஊரும், கிழக்கே அண்ணாமலைநகர். ஸ்டேஷனில் இறங்கியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதை வைத்தே ஆள் பக்தரா மாணவரா என்று சொல்லிவிடலாம்.

முதல் தமிழ்ப் பேராசிரியரே இலங்கையிலிருந்து வந்தவர்தான். மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931 முதல் 1933 வரை இங்கே இருந்தார். பின்னாளில் 'யாழ் நூல்' என்ற பெரும்பணியாக முடிந்தது அவருடைய இசை ஆராய்ச்சி. அவரைப் பின்தொடர்ந்து யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தமிழ் படிக்கச் சிலர், இசை படிக்கப் பலர். யாழ்ப்பாணத்துச் சங்கீத ஆசிரியர்களின் பெயருக்கு முன்னால் 'சங்கீத பூஷணம்' என்ற பட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அண்ணாமலைநகரில் வாங்கியது.

எப்படி வந்தார்கள்? 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு வழி ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ரயிலேறி மதவாச்சியில் மாறித் தலைமன்னார் துறை. அங்கிருந்து இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்களில் ஒன்று. பாக் நீரிணையைக் கடந்து தனுஷ்கோடி. துறையிலேயே காத்திருக்கும் போட் மெயிலில் ஏறினால் பாம்பன் பாலம், ராமநாதபுரம், மானாமதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), சிதம்பரம். கடைசி நிலையம் எழும்பூர். 1914-க்கு முன்பு தூத்துக்குடிக்குப் போய்க் கொழும்புக் கப்பல் பிடிப்பதுதான் வழக்கம். அந்த வண்டியும் போட் மெயில்தான்.

இந்த வழியைப் படத்தில் ஒருமுறை பாருங்கள். சிதம்பரத்துக்கு வருவதற்குள் மாணவன் சேது நாட்டையும் பாண்டி நாட்டின் ஓரத்தையும் சோழ நாட்டின் நடுவையும் கடந்துவிடுகிறான். வேறு வழியில்லை, அதனால் பார்த்தான். விடுமுறைக்குப் போகும்போதும் அதே வழி, கூட்டமாகத்தான் போனார்கள். கப்பலில் தனியாகப் போகிற மாணவனுக்குச் சுங்கம், சுகாதாரச் சோதனை என்று எத்தனையோ தொல்லைகள்.

1964 டிசம்பர் 22 இரவு எல்லாம் முடிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653 எண் பாசஞ்சர் வண்டியைப் புயல் அலை கொண்டுபோனது. அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே அத்தோடு போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளில் இலங்கைப் போர் அதையும் நிறுத்தியது. அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மாணவர்களாக அல்ல, அகதிகளாக வரத் தொடங்கியிருந்தார்கள்.

மலாயா மாணவர்களின் வழி வேறு. சிங்கப்பூர், பினாங்கிலிருந்து வரும் கப்பல்கள் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்தன. முதலில் 'ரஜூலா', 1970களில் அதற்குப் பதிலாக வந்த கப்பலின் பெயரே 'எம்.வி. சிதம்பரம்'. பிரான்சில் கட்டப்பட்டு 'பாஸ்தர்' என்ற பெயரில் ஓடிய கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றியது. 1980களில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. நாகையில் இறங்கியவனுக்கு திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டாவின் குறுக்கே வருகிற ரயில் பாதை இருந்தது. எந்தக் கடலில் வந்தாலும் சிதம்பரத்தில் வந்து சேர்வதற்குள் வயலையும் ஆற்றையும் கோபுரத்தையும் பார்க்காமல் தப்ப முடியாது.

இப்போது தப்பலாம். விமானம் சென்னையிலோ திருச்சியிலோ இறங்குகிறது. நான்கைந்து மணி நேரம் ஏசி காரில் தூங்கிவிட்டு விடுதி வாசலில் கண் விழிக்கலாம்.

ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு துறை

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போவது மெயின் லைன். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாக நேரே திருச்சி போவது 1920களின் கடைசியில் போட்ட கார்டு லைன். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வைகை, பாண்டியன், வந்தே பாரத் எல்லாம் பறப்பது கார்டு லைனில். மெயின் லைன் பெரும்பகுதி இன்னும் ஒற்றைத் தண்டவாளம். மீட்டர் கேஜை அகலப்படுத்த 2006 கடைசியில் பாதையை மூடி 2010-ல்தான் திறந்தார்கள்; அந்த ஆண்டுகளில் சிதம்பரத்துக்காரர்களுக்கு ரயிலே இல்லை. எதிர் வண்டிக்காகக் கிராசிங்கில் காத்துக் கிடப்பது இந்த வழியில் பயணம் செய்பவர்களின் தலையெழுத்து. ஊர் பார்க்கப் போகிறவனுக்கு அதைவிடப் பெரிய வசதி கிடையாது.

வடக்கே முதலில் பார்க்கலாம். சிதம்பரத்தை விட்டுக் கிள்ளை. பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கம்தான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இங்கே இருக்கிறது. 1781 ஜூலை முதல் தேதி ஹைதர் அலியும் ஐர் கூட்டும் மோதிய களமும் இதுதான். 1830களில் ஜோசையா ஹீத் என்ற வெள்ளைக்காரர் ஐரோப்பிய முறையில் இரும்பு காய்ச்ச முயன்று கையைச் சுட்டுக்கொண்டதும் இங்கேதான். அடுத்து புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். கடலூர் துறைமுகம் சந்திப்பில் விருத்தாசலம், சேலம் பாதை பிரிகிறது. அடுத்தது திருப்பாதிரிப்புலியூர். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லப்படும் ஊர். வரலாறு, கடல் உயிரியல், சைவ சித்தாந்தம் என்று மூன்று துறைகளின் பாடத்திட்டம் சுமார் 45 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

தெற்கே போனால் இன்னும் செழிப்பு. வல்லம்படுகையைத் தாண்டியதும் கொள்ளிடம். நல்ல தண்ணீர் வருகிற மாதத்தில் இந்தப் பாலத்தில் வண்டி ஊர்ந்தால் ஜன்னல் பக்கம் எல்லாரும் எழுந்து வந்துவிடுவார்கள். இதே ஆற்றின் வடகரை ஊர்களில் ஒன்றான ஏலாக்குறிச்சியில்தான் வடக்கு இத்தாலியில் பிறந்த பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், பல காலம் வாழ்ந்தார்.

அடுத்த பெரிய ஸ்டேஷன் சீர்காழி. இசைக் கல்லூரி மாணவர்கள் இறங்க வேண்டிய இடம். முத்துத்தாண்டவர் இந்த ஊர்க்காரர். அருணாசலக் கவிராயர் தில்லையாடியில் பிறந்து இங்கே வந்து வாழ்ந்தவர். மாரிமுத்தாப் பிள்ளையின் ஊரான தில்லைவிடங்கன் சிதம்பரத்துப் பக்கம். தமிழிசை மூவர் என்கிறோமே, மூவரையும் ஒரு பகலில் சுற்றிவந்துவிடலாம். முத்துத்தாண்டவர் நாள்தோறும் சீர்காழியிலிருந்து சிதம்பரம் வந்து, சந்நிதியில் அடியார்கள் வாயிலிருந்து முதலில் கேட்கும் சொல்லை எடுத்துப் பாடினார் என்பது வழக்கு. இன்றைக்கு இருந்திருந்தால் சீசன் டிக்கெட் எடுத்திருக்க வேண்டிய ஆள்.

வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஆனந்ததாண்டவபுரம் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ்காரர்கள் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடியாது. கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த ஊர் இது. சிதம்பரத்துக்குப் போக முடியாமல் நாளைப் போவோம், நாளைப் போவோம் என்று ஏங்கிய நந்தனாரின் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடியவர், சிதம்பரத்துக்குப் போகிற ரயில் பாதையிலேயே ஊர் கொண்டிருக்கிறார். அந்தப் பாதை வருவதற்கு முன்பே, 1861-ல் அந்த நூல் காரைக்காலில் அச்சேறிவிட்டது. உ.வே.சா. மாயவரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்துக்கொண்டே இந்தப் பாரதியாரிடம் சங்கீதமும் கற்றார். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை, சங்கீதம் நின்றுபோனது. தமிழ்த் துறையும் இசைத் துறையும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போக இதைவிட நல்ல விஷயம் எது?

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப் பாதை இருந்தது. 1926-ல் வந்தது, 1986-ல் மூடினார்கள். இருந்திருந்தால் தமிழ் அச்சின் வரலாறு படிக்கிறவர்களை சீகன்பால்கு இறங்கிய கரைக்கே ரயிலில் கூட்டிப் போயிருக்கலாம்.

குத்தாலம் தாண்டி நரசிங்கன்பேட்டை. ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடையும் ஊர்; 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை கையில் எடுத்த பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தவர் இந்த ஊர் ரங்கன் ஆசாரி. அடுத்து ஆடுதுறை. வேளாண் மாணவர்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் ஏ.டி.டி. என்ற மூன்றெழுத்து இந்த ஊரின் பெயர்தான். 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. கும்பகோணத்தில் அரசுக் கல்லூரி. 1880-ல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்த உ.வே.சா.வை, அப்போது ஊரில் முன்சீப்பாக இருந்த சேலம் ராமசாமி முதலியார், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் உ.வே.சா. பழைய ஏடுகளை அச்சுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். கணித மாணவர்களுக்கு சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ராமானுஜன் வீடு.

பிறகு தாராசுரம். இங்கே அவசரப்படக் கூடாது. இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில் சுவரின் கீழ்வரிசையில் நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக, பெயர் எழுதி வைத்திருக்கின்றன. சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றியது சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தில், இந்த ராஜராஜனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பார்கள். தந்தை காலத்துப் பாட்டு, மகன் காலத்துக் கல். நூல் பிறந்த ஊரில் காலையில் ரயிலேறினால் அது சிற்பமான ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கலாம். சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறைகள், பாபநாசம், ஐயம்பேட்டை, கடைசியில் தஞ்சாவூர். பெரிய கோயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊர்களில் பலவற்றில் எக்ஸ்பிரஸ் நிற்காது. பாசஞ்சரில் போக வேண்டும். இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டும். அதனாலேயே ஆள் கூட்டமாகப் போக வேண்டும். தனியாகக் காத்திருப்பது சலிப்பு, பத்துப் பேராகக் காத்திருந்தால் அரட்டை.

சலெர்னோவுக்குத் தெற்கே

இத்தாலியைப் பாருங்கள். அதிவேக ரயிலுக்கென்று போட்ட தனிப்பாதை நேப்பிள்ஸ் தாண்டி சலெர்னோவோடு முடிகிறது. அதற்குத் தெற்கே பழைய பாதைகள்தான். மத்தேரா என்ற மலைநகரத்துக்குப் பாறைக் குடியிருப்புகளைப் பார்க்க உலகமே வருகிறது. அங்கே இன்றும் சிறுபாதை ரயில்தான் போகிறது. தெற்கு என்றால் வறுமை, தாமதம் என்பது அந்த நாட்டு வடக்கத்தியர்களின் பழைய பேச்சு.

ஆனால் ரோமிலும் பொலோனாவிலும் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் விடுமுறை வந்தால் தெற்கேதான் ரயிலேறுகிறார்கள். 'ரெஜியொனாலே' என்ற எல்லா ஊரிலும் நிற்கும் வண்டி. நம் பாசஞ்சரின் அண்ணன். முன்பதிவு இல்லை, கட்டணம் குறைவு. நேப்பிள்ஸிலிருந்து வெசுவியஸ் அடிவாரத்தைச் சுற்றிப் போகும் உள்ளூர் ரயிலில் பொம்பெய். சலெர்னோ தாண்டி பெஸ்தும் என்ற சின்ன நிலையம். இறங்கி நடந்தால் 2,500 ஆண்டுப் பழமையான கிரேக்கக் கோயில்கள் மூன்று வயல்வெளியில் நிற்கின்றன. கிரேக்கக் கட்டடக் கலை பற்றிப் பாடம் கேட்டவர்களுக்கு, கிரேக்க நாட்டுக்கே போகாமல் கண்முன் கிடைக்கிற சான்று. நமக்குத் தாராசுரம் போல.

இன்னும் கீழே போனால் நமக்கு மிக நெருக்கமான காட்சி ஒன்று இருக்கிறது. வில்லா சான் ஜொவான்னி துறையில் ரோமிலிருந்து வருகிற ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். தண்டவாளம் கப்பலுக்குள்ளேயே இருக்கிறது. மிகக் குறுகலான இடத்தில் சுமார் மூன்று கிலோமீட்டர் கடல். அந்தக் கரையில் மெஸ்ஸினாவில் மறுபடி கோத்து சிரக்கூசாவுக்கும் பலெர்மோவுக்கும் அனுப்புகிறார்கள். பாலம் கட்டுகிற பேச்சு பல தலைமுறையாக நடக்கிறது. நம் போட் மெயிலில் ஆட்கள் இறங்கிக் கப்பல் ஏறினார்கள், அங்கே வண்டியே ஏறுகிறது. கடலையும் ரயிலையும் ஒரே டிக்கெட்டில் கோத்த பயணம் நமக்கும் இருந்தது. நாம் இழந்தோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

பலெர்மோவில் அந்த மாணவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். அந்த நகரத்தில் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். எண்பதுகளில் தொடங்கிப் போருக்குத் தப்பிப் போனவர்கள், பெரும்பாலும் வீட்டுவேலைகளில் இருப்பவர்கள். நகரத்துக்கு மேலே இருக்கும் பெல்லெகிரினோ மலையில் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் இருக்கிறது. அதற்கு ஏறிப் போகிறவர்களில் தமிழர்கள் ஏராளம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும். தனிநாயகம் அடிகள் இத்தாலியில் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் படிக்க சிதம்பரத்துக்கு ரயிலேறினார்கள். இரண்டு தலைமுறைக்குள் அதே ஊர்ப் பிள்ளைகள் இத்தாலியின் தென்முனையில் இத்தாலியம் பேசிப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களில் யாராவது தமிழிசை படிக்கச் சிதம்பரத்துக்கு வந்தால், நாம் எதைக் காட்டப் போகிறோம்?

ஐரோப்பாவில் இதை அரசுகளே யோசித்திருக்கின்றன. 1972-ல் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்காகத் தொடங்கிய இன்டர்ரெயில் பாஸ் இன்றும் இருக்கிறது. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 18 வயது நிரம்பியவர்களில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து இலவச ரயில் பாஸே கொடுக்கிறது. அண்டை நாட்டைப் பார்க்காதவன் அண்டை நாட்டோடு ஒத்துவாழ மாட்டான் என்பது அவர்கள் இரண்டு போர்களில் கற்றது.

கன்செஷன் யாருக்காக?

நம்மிடம் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். ரயில்வேயின் சலுகைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பாதிக் கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதே பட்டியலில் இன்னொரு வரி: இந்தியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் விடுமுறையில் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைப் பார்க்கப் போனால் அவர்களுக்கும் பாதிக் கட்டணம். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி மூத்த குடிமக்கள் சலுகையைக்கூட நிறுத்தினார்கள். மாணவர் சலுகையைத் தொடவில்லை. பட்டியலில் இருக்கிற வரியை எந்தத் துறைத் தலைவராவது கடைசியாக எப்போது பயன்படுத்தினார்?

காரணம் தெரியாததல்ல. சலுகை டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்க முடியாது. கல்வி நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட படிவத்தோடு கவுன்டரில் நிற்க வேண்டும். ஒரு முன்பதிவுப் படிவத்தில் ஆறு பெயருக்கு மேல் எழுத முடியாது. பெரிய குழுவென்றால் முன்கூட்டியே ரயில்வே அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். சிதம்பரம் திருச்சி கோட்டத்தில் வருகிறது. இத்தனைக்கும் பதில் ஒரு டிராவல்ஸ்காரருக்கு போன் அடித்தால் வீடியோ கோச் பஸ் விடுதி வாசலுக்கே வந்துவிடும். ராத்திரி முழுக்கப் பாட்டு, விடிந்தால் ஊட்டி அல்லது கொடைக்கானல். 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று பெயருக்கு ஒரு தொழிற்சாலையில் ஒரு மணி நேரம். நான் ஊட்டிக்கு எதிரி அல்ல. மலேசியாவிலிருந்து வந்த பிள்ளைக்குக் கேமரன் மலை இருக்கிறது, இலங்கையிலிருந்து வந்த பிள்ளைக்கு நுவரெலியா இருக்கிறது; தேயிலைத் தோட்டம் பார்க்கவா அவர்கள் சிதம்பரத்துக்கு வந்தார்கள்?

குறுந்தூரத்துக்குச் சலுகைகூடத் தேவையில்லை. சிதம்பரத்திலிருந்து கும்பகோணத்துக்குப் பாசஞ்சர் கட்டணம் வழியில் வாங்கும் டீ, வடைக்குக் கிட்டத்தட்ட சமம். பகலில் நேரே தஞ்சை போக சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராமேஸ்வரம் வரை போவதானால் அந்தப் பாதிக் கட்டணம் உதவும். எழும்பூரிலிருந்து மெயின் லைன் வழியாக ராமேஸ்வரம் போகும் இரவு வண்டிக்கு இன்றும் போட் மெயில் என்றுதான் பெயர். படகு மட்டும் இல்லை. 2022 டிசம்பரில் ஓய்வு கொடுத்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில், நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. அன்றே கொடியசைத்த தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டியும் சிதம்பரம் வழியாக, மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை என்று போகிறது.

கடல்வழியும் முழுதாக அடைபட்டுவிடவில்லை. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. பருவமழைக் காலத்தில் நம்ப முடியாதுதான். ஆனாலும் யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் காங்கேசன்துறையில் கப்பலேறி, நாகையில் இறங்கி, திருவாரூர், மயிலாடுதுறை வழியாக ரயிலில் சிதம்பரம் வந்து சேரப் பாதை இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக இல்லாத வசதி இது.

பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு சட்டம் போட்டுத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அயலகத் தமிழர்களுக்கென்று தனித்துறையும் அரசிடம் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போக முடியாமல் விடுதியில் தங்கிவிடும் வெளிநாட்டு மாணவர்களையும் அவர்களோடு படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து, மெயின் லைனில் மூன்று நாள் கூட்டிப் போகட்டும். தமிழ்த் துறையிலிருந்து ஒருவர், இசையிலிருந்து ஒருவர், வேளாண்மையிலிருந்து ஒருவர் கூடப் போகட்டும். தை மாதத்தில் வயலில் அறுப்பு நடக்கும். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐப்பசியிலேயே கடிதத்தை எழுதி, கன்செஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்டு திருச்சிக்கு அனுப்பிவிடுங்கள். பொங்கல் கூட்டத்தில் ஸ்லீப்பர் கிடைக்காது.